பஞ்சாட்சரத்தின் பப்பாளி இலை

நம் நாட்டில் டாக்டர்கள் இரண்டு வகை. படித்து டாக்டரானவர்கள் ஒரு வகை. பார்க்க வந்து டாக்டரானவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் வருடக்கணக்கில் கண்விழித்துப் படித்து, பிணத்தை அறுத்து, பரீட்சை எழுதி, இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் தீராமல் "எதற்கும் ஒரு ரத்தப் பரிசோதனை பார்த்துவிடலாமே" என்று தயங்குகிறவர்கள். இரண்டாம் வகையினருக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போதும். அதை நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்த நிமிடமே பட்டம் கிடைத்துவிடும்.

இந்த இரண்டாம் வகையை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லை என்றால், உங்களுக்கு இதுவரை காய்ச்சலே வந்ததில்லை என்று பொருள். உங்களுக்கு உடம்பு சரியில்லை என்ற செய்தி உங்கள் சொந்தத் தம்பிக்குப் போவதற்குள் அவருக்குப் போய்விடும். வருவார். "எப்படி இருக்குது?" என்பார். நீங்கள் வாயைத் திறப்பதற்குள், தலைமாட்டில் இருக்கும் மாத்திரை அட்டையை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பின்பக்கத்தில் தேதியை மட்டும் படித்துவிட்டு, மருந்தின் பூர்வீகத்தையே படித்துவிட்டவர்போல உதட்டைப் பிதுக்கி, "இது ஹீட்டு" என்பார். எந்த மாத்திரையாக இருந்தாலும் ஹீட்டுதான். குளிர்ச்சியான மாத்திரையை இதுவரை எந்தக் கம்பெனியும் கண்டுபிடிக்கவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்துவார். கதவைப் பார்ப்பார். அரசாங்க ரகசியத்தை எதிரிக்கு விற்கிறவர்போல முன்னால் சாய்ந்து ஓர் இலையின் பெயரைச் சொல்வார்.

இலை ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்குக் கொய்யா இலை, ஒருவருக்கு நிலவேம்பு, இன்னொருவருக்கு இனிமேல்தான் யாராவது கண்டுபிடிக்கப்போகும் ஏதோ ஒரு கொடி. ஆம்பூரில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவருக்குப் பப்பாளி இலை.

பெயர் பஞ்சாட்சரம். வயது அறுபத்திரண்டு. ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிக்கும் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். பதனிட்ட தோலை மேசையில் விரித்து, உள்ளங்கையால் ஒருமுறை நீவி, "ஃபர்ஸ்ட்", "செகண்ட்", "ரிஜெக்ட்" என்று பிரித்து வைப்பது அவர் தொழில். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று எல்லாரும் சொல்வார்கள்; அவரும் சொல்வார். ஓய்வு பெற்ற மறுநாள் தோல் வருவது நின்றுவிட்டது. கை சும்மா இருக்குமா? தெருவில் நடமாடும் தோல்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

"முப்பத்தோரு வருஷம் செத்த தோலைப் பாத்தே, மாடு இன்னா சாப்ட்டுது, எங்க முள்ளு குத்துச்சின்னு சொன்னவன் நானு. உசுரோட இருக்கிற தோலைப் பாத்து நோயைச் சொல்ல முடியாதா?" என்று கேட்பார். அவர் சூப்பர்வைசர். யார் பதில் சொல்வது? என்னை ஒருமுறை வாசலில் நிறுத்தி, முழங்கையை நீவிப் பார்த்து, "ஈரல் கொஞ்சம் வீக்கு. செகண்ட் குவாலிட்டி" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு பப்பாளி மரம் நிற்கிறது. அதன் பழம் மலச்சிக்கலை நீக்கும், கண்ணுக்கு நல்லது, தோலுக்கு மினுமினுப்பு. காயைக் கூட்டாகச் சாப்பிட்டால் தொப்பை கரையும். விதையைத் தேனில் கலந்து கொடுத்தால் குடல் பூச்சி ஓடும். பாலைத் தடவினால் படர்தாமரை போகும், மருவும் உதிரும். வேரைக் கொதிக்க வைத்தால் கல் கரையும். பூவைப் பற்றி அவர் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார். இவற்றில் சிலது உண்மைதான். பப்பாளிப் பழம் நல்ல பழம், யார் இல்லை என்றார்கள்? பிரியாணிக்கு வாங்கிய கறி முற்றலாக இருந்தால் இரண்டு துண்டு பப்பாளிக் காயை அரைத்துப் பிசறிவைப்பது எங்கள் ஊர்ச் சமையல்காரர்களுக்குப் பழக்கமான வேலை. "ஆட்டுக் கறியவே பஞ்சு மாதிரி ஆக்குது. உன் வயித்துல இருக்கிற கட்டிய விட்டு வைக்குமா?" என்பார் பஞ்சாட்சரம். நம் வயிறும் கறியால் ஆனதுதானே, அதை என்ன செய்யும் என்று யாரும் கேட்டதில்லை.

ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்டு. அது ஆண் மரம். வைத்த நாள் முதல் நீளநீளமாகப் பூக்கிறதே ஒழிய ஒரு பிஞ்சு விட்டதில்லை. பழம் வேண்டுமென்றால் அவரும் பஜாரில்தான் வாங்குகிறார். கேட்டால், "காய்க்காத மரத்துலதான் சத்து பூரா இலைக்கு எறங்கும்" என்பார். பாருங்கள், இந்த வகையினரிடம் பதில் இல்லாத கேள்வியே கிடையாது.

அவர் மனைவி எல்லம்மா மட்டும் அந்த இலையின் ருசி தெரியாமலேயே முப்பத்தைந்து வருடம் குடும்பம் நடத்திவிட்டார். ரகசியம் எளிது. இருமல் வந்தால் மொட்டை மாடிக்குப் போய் இருமிவிட்டு வருவார்.

இதுவரை சொன்னதைப் படித்துச் சிரித்திருப்பீர்கள். தெருவில் நாங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம், போன வருடம் ஐப்பசி மழை விட்டு, பஞ்சாட்சரத்தின் பக்கத்து வீட்டுக் காஷிஃபுக்குக் காய்ச்சல் வரும்வரை.

காஷிஃபுக்கு முப்பத்து மூன்று வயது. அதே ஷூ கம்பெனியில் கட்டிங் மெஷினில் வேலை. மனைவி பில்கிஸ் அங்கேயே தையல் பிரிவில் இருக்கிறாள். கலியாணமாகி ஆறு வருடம். காஷிஃபைக் கம்பெனிக்குள் கூட்டிப்போய், "இவன் நம்ம பையன்" என்று கையைப் பிடித்து மெஷின் முன்னால் நிறுத்தியவர் பஞ்சாட்சரம். அதனால் அந்த வீட்டில் அவருக்கு மறுவார்த்தை கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கசப்பை விழுங்கவைப்பது பெரும்பாலும் நம்பிக்கை அல்ல, நன்றி.

மூன்றாம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டெங்கு என்று வந்தது. பஜாரில் இருக்கும் டாக்டர் பயமுறுத்தவில்லை. நிறையத் தண்ணீர், கஞ்சி, இளநீர், காய்ச்சலுக்கு ஒரே ஒரு மாத்திரை, தினமும் காலையில் வந்து ரத்தம் பார்க்க வேண்டும் என்று சொன்னார். அப்புறம் பில்கிஸிடம் ஒரு தாளைக் கொடுத்து, "இதுல இருக்கிறதுல ஒண்ணு வந்தாக்கூட ஃபோன் பண்ணிட்டிருக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். வயிற்று வலி, விடாத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், மயக்கம், கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல். பில்கிஸ் தையல் பிரிவுக்காரி. எந்த வேலைக்கும் செய்முறைத் தாள் ஒட்டிவைத்துப் பழக்கம். அதையும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

ஒட்டிவிட்டுத் திரும்பினால் பஞ்சாட்சரம் நிற்கிறார். கையில் கண்ணாடி டம்ளர். அதில் கரும்பச்சையாக ஏதோ நுரைத்துக்கொண்டிருந்தது.

"டெங்குவா? பேஜாரே ஆவாத. ஊர்ல இன்னா ஜுரம் வந்தாலும் போவட்டும், டெங்குக்குன்னே ஆண்டவன் படைச்ச இலை இது. பிளேட்லெட்டு நாளைக்கே ரெட்டிப்பாவும்."

"டாக்டர் ஒண்ணும் சொல்லலியே சார்?" என்றாள் பில்கிஸ்.

"அவரு எப்படிம்மா சொல்வாரு? சொன்னா அவரு கடைய மூட வேண்டியதுதான்."

காஷிஃப் படுத்தபடியே டம்ளரைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். சாரைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தான். பத்தே நிமிடம், குளியலறைக்கு ஓடி அவ்வளவையும் வாந்தியெடுத்தான்.

"பாத்தியா!" என்றார் பஞ்சாட்சரம், தன் குழந்தை முதல் அடி எடுத்துவைத்ததைப் பார்த்தவர்போல. "விஷம் வெளிய போவுது."

அன்று சாயங்காலம் ஒரு டம்ளர். ஒரு வாந்தி. மறுநாள் காலையில் ஒரு டம்ளர், ஒரு வாந்தி. சாயங்காலமும் அப்படியே. வயிற்றில் நின்றால் நல்லது, நிற்காவிட்டால் மிகவும் நல்லது. உலகத்தில் வேறு எந்த மருந்துக்காவது இந்த வசதி உண்டா? பில்கிஸ் ஃபிரிட்ஜ் கதவைப் பார்ப்பாள். 'விடாத வாந்தி' என்று போட்டிருக்கும். ஆனால் எது காய்ச்சலின் வாந்தி, எது இலையின் வாந்தி? ஒரே வாசலில் இரண்டு பேர் கதவைத் தட்டினால் யார் என்று எப்படித் தெரியும்?

ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் இறங்கிவிட்டது. உடம்பைத் தொட்டால் சூடே இல்லை. பஞ்சாட்சரம் காஷிஃபின் நெற்றியில் புறங்கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். கண் கலங்கிவிட்டது. அது பொய்க் கண்ணீர் இல்லை. இந்த வகையினரைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லலாம், அன்பில்லாதவர்கள் என்று மட்டும் சொல்ல முடியாது. காஷிஃபைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, அன்றைய டம்ளரைக் கையில் கொடுத்து, ஒரு ஃபோட்டோ எடுத்தார். 'ஐந்தே நாளில் டெங்கு ஓட்டம். பப்பாளி இலையின் வெற்றி. அனைவருக்கும் பகிரவும்' என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நாற்பது பேர் கைகூப்பினார்கள். நானும் கூப்பினேன். ஒளிப்பானேன்?

பில்கிஸ் பர்தாவை எடுத்து மாட்டினாள். "ரத்தம் பாக்க டைமாச்சு சார். ஆட்டோ சொல்லியிருக்கேன்."

"ஜுரமே இல்ல, இன்னாத்துக்கு ரத்தம்? அவனே ரத்தம் கம்மியாகிப் படுத்திருக்கான். அதுலயும் நீ போய் ஊசி போட்டு உறிஞ்சுவியா? பையன் அசந்து தூங்கட்டும்மா. நாளைக்குப் பாத்துக்கலாம்."

காஷிஃபும், "இருக்கட்டும் பில்கிஸ். தூங்கணும் போல இருக்குது" என்றான். ஆட்டோ திரும்பிப் போனது.

அவர் போன பிறகு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஃபோட்டோவுக்காக வைத்த டம்ளர் அப்படியே நிரம்பி நின்றது. காஷிஃப் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். பில்கிஸ் அதை எடுத்துக்கொண்டுபோய் சமையலறைத் தொட்டியில் ஊற்றி, மேலே தண்ணீரையும் திறந்துவிட்டாள். சாருக்குத் தெரியவேண்டாம் என்று டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தாள். கல்யாணமான ஆறு வருடத்தில் அவள் அந்த மனிதருக்குச் செய்த முதல் துரோகம் அது.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். காஷிஃப் எழுந்து வாந்தியெடுத்தான். அரைமணியில் மறுபடி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தான். கேட்டதற்கு உருதுவில் ஏதோ பாதி வார்த்தை சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். பில்கிஸ் பயந்துபோய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தாள். பஞ்சாட்சரம் சாப்பிட்ட கையோடு வந்தார். எதிர்வீட்டிலிருந்து நானும் போனேன்.

"இலை வேலை செய்யுது" என்றார், கதவைத் தாண்டும்போதே. "கடைசி விஷம். இதோட தீந்துது. பயப்படாத."

பில்கிஸ் அவரை நேராகப் பார்த்தாள். அந்தப் பெண் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"சார், இன்னிக்கு நான் ஜூஸ் குடுக்கவே இல்ல."

"இன்னாது?"

"கீழ ஊத்திட்டேன். மன்னிச்சுக்குங்க. காலைலருந்து வெறும் கஞ்சித் தண்ணிதான். அப்ப இது எதோட வாந்தி? நீங்களே சொல்லுங்க."

பதில் இல்லாத கேள்வியே கிடையாது என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்குத்தான் ஒன்று கிடைத்தது. பஞ்சாட்சரம் குனிந்து காஷிஃபின் கையை எடுத்தார். உள்ளங்கையால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மெதுவாக நீவினார். முப்பத்தோரு வருடம் தோலைத் தொட்ட கை அது. அந்தக் கைக்குப் பொய் சொல்ல வராது. சில்லென்று, பிசுபிசுப்பாக, உயிர் ஒதுங்கிய மாதிரி இருந்திருக்க வேண்டும். அவர் முகம் வெளுத்தது.

"தூக்குங்க" என்றார் என்னிடம். "தூக்குங்க சார், தூக்குங்க. ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போடும்மா!"

ஆம்பூரிலிருந்து வேலூருக்கு அந்த வண்டி எவ்வளவு வேகமாகப் போனதோ, எனக்கு அது நகர்ந்ததாகவே தெரியவில்லை. பில்கிஸ் கணவனின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே ஓதிக்கொண்டு வந்தாள். எதிர் பெஞ்சில் பஞ்சாட்சரம் இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு அதுவே பாதி மாரடைப்பு.

ஆஸ்பத்திரியில் காஷிஃபை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருக்கிறது, ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிகிறது, இன்னும் இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால் எங்களால் எதுவும் சொல்லியிருக்க முடியாது என்று ஓர் இளம் டாக்டர் ஓடிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் மெர்சி என்ற நர்ஸ் அட்டையும் பேனாவுமாக வெளியே வந்தார். "இந்த அஞ்சு நாளா பேஷண்டுக்கு இன்னா இன்னா குடுத்தீங்க? மறைக்காம சொல்லுங்க."

பில்கிஸ் மாத்திரையைச் சொன்னாள். கஞ்சியைச் சொன்னாள். அன்றைக்கு மட்டும் ரத்தம் பார்க்கவில்லை என்றாள். நிறுத்தினாள். பஞ்சாட்சரத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவர் தானாகவே எழுந்து நின்றார், முதலாளி முன்னால் நிற்கும் தொழிலாளியைப்போல.

"பப்பாளி இலை. நான்தான் குடுத்தேன் சிஸ்டர்."

"எவ்ளோ?"

"ஒரு கைப்பிடி."

"யாரு கை?"

இவர் தன் கையை விரித்துப் பார்த்தார். அகலமான, காய்ப்பேறிய கை.

"எத்தன தடவ?"

"நாலு. நாலு தடவையும் வாந்தி. நல்லதுன்னு நெனச்சேன்."

மெர்சி எழுதிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"தினம் பத்து பேராவது இலைய குடிச்சிட்டுதான் இங்க வர்றாங்க. படிச்சவங்க, பெரிய பெரிய வேலைல இருக்கிறவங்க எல்லாருந்தான். அது இன்னா செய்யுது, இன்னா செய்யலன்றதை டாக்டருங்க பாத்துக்குவாங்க. ஆனா இந்த நோயில ஜுரம் விட்ட அப்புறந்தான் ஆபத்தே. ஜுரம் விட்டுதுன்னு இன்னிக்கு ரத்தம் பாக்க விடாம பண்ணது யாரு?"

"அதுவும் நான்தான்" என்றார் பஞ்சாட்சரம்.

மூன்று நாள் காஷிஃப் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தான். மூன்று நாளும் அவர் வராந்தாவில் இருந்தார். எல்லம்மா சட்டை கொடுத்தனுப்பினார். பக்கத்து பெஞ்சுகளில் எத்தனையோ பேர். சர்க்கரைக்காரர், கல்லடைப்புக்காரர், ஆறாத புண்ணோடு வந்தவர். எல்லாரும் தங்கள் நோயை வாய்விட்டுச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆள் தன் அம்மாவுக்கு ஒரு வாரமாக மலச்சிக்கல் என்று இவரிடமே சொன்னார். பப்பாளிப் பழம் நிஜமாகவே உதவக்கூடிய ஒரே இடம். பஞ்சாட்சரம் உதட்டை இறுக்கிக்கொண்டு, "டாக்டர் வருவாரு, அவருகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தியாகம் என்றால் அது தியாகம்.

நான்காம் நாள் காஷிஃபை வார்டுக்கு மாற்றினார்கள். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தான். பத்து கிலோ குறைந்து, கன்னம் ஒட்டி, ஆனால் வந்துவிட்டான். தெருவே போய்ப் பார்த்தது. பஞ்சாட்சரம் மட்டும் போகவில்லை. வார்டுக்கு மாற்றிய அன்றே ஆம்பூருக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டவர். குழுவில் போட்ட ஃபோட்டோவை அழிக்கப் பார்த்தார். நேரம் கடந்துவிட்டது, அழியவில்லை. அதற்குக் கீழே நீளமாக என்னவோ தட்டச்சு செய்தார். அனுப்பவில்லை. 'தட்டச்சு செய்கிறார்' என்று மட்டும் எங்கள் எல்லார் ஃபோனிலும் வெகுநேரம் காட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம், பக்கத்து வீட்டுக் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. பில்கிஸ் துணி எடுக்க வந்தவள் பார்த்துவிட்டாள்.

"உள்ள வாங்க சார்."

"கைல ஒண்ணும் கொண்டாரலம்மா."

"அதனாலதான் கூப்பிடுறேன்."

அவர் உள்ளே போய்க் காஷிஃபின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். நாற்காலி இருந்தது, உட்காரவில்லை. "டேய், நான் உன்னைக் கொன்னுருப்பேன்டா" என்று சொல்லிவிட்டு அழுதார். காஷிஃப், "இன்னா சார் நீங்க... நீங்கதானே கைய புடிச்சுப் பாத்துட்டுத் தூக்குங்கன்னு கத்துனீங்க. அது காதுல விழுந்துச்சு" என்றான். பில்கிஸ் மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. தேநீர் கொடுத்தாள். சர்க்கரை போட்டிருந்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் இதைத் திருந்திய மனிதனின் வரலாறு என்று பள்ளிக்கூடப் பாடத்தில் வைத்துவிடலாம். ஆனால் ஃபோட்டோ என்று ஒன்று போயிருக்கிறதே, அது சும்மா இருக்குமா? நாற்பது பேர் கைகூப்பியதோடு நிற்கவில்லை. பகிரவும் என்று சொன்னதால் பகிர்ந்துவிட்டார்கள். குழுவிலிருந்து குழுவுக்குத் தாவி, ஆற்காடு தாண்டி, திமிரிக்குப் போய்ச் சேர்ந்தது. போகிற வழியில் கொஞ்சம் சதையும் போட்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சுப்பராயன் என்ற வேர்க்கடலை விவசாயி, திமிரியிலிருந்து பைக்கிலேயே வந்து எங்கள் தெருவில் இறங்கினார்.

"பப்பாளி இலை வைத்தியரு வீடு எது சார்? டாக்டருங்க கைவிரிச்ச கேஸைப் பொழைக்க வச்சவரு?"

பஞ்சாட்சரம் பனியனோடு வெளியே ஓடிவந்தார். சுப்பராயனின் மகளுக்கு டெங்கு. நாலாவது நாள். உள்ளூர் டாக்டர் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். இவர் அதற்குமுன் இலையைத் தேடி எண்பது கிலோமீட்டர் வந்திருக்கிறார்.

"இலையெல்லாம் கிடையாது. மொதல்ல போய்ப் பொண்ண ஆஸ்பத்திரில சேருங்க" என்றார் பஞ்சாட்சரம்.

சுப்பராயன் சிரித்தார். "புரியுது சார். எல்லாருக்கும் சொல்ல மாட்டீங்க. பெரிய வைத்தியருங்க அப்படித்தான். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"யோவ், நான் வைத்தியனே இல்லய்யா!"

"அடக்கம் ஜாஸ்தி சார் ஒங்களுக்கு."

மறுக்க மறுக்க அந்த மனிதரின் பக்தி ஏறிக்கொண்டே போனது. காஷிஃபைக் கூப்பிட்டார்கள். காஷிஃப் கம்பைப்போல நின்று, "குடிச்சேண்ணே, வாந்திதான் எடுத்தேன். பொழச்சது டிரிப்புல" என்றான். சுப்பராயன் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, "ஆனா பொழச்சிட்டீங்கல்ல!" என்றார். கடைசியில் பில்கிஸ்தான் வெளியே வந்தாள். ஃபிரிட்ஜ் கதவிலிருந்த தாளைக் கிழியாமல் உரித்து அவர் சட்டைப் பையில் திணித்தாள். "உங்க பொண்ணு இப்ப எங்க இருக்கா? வீட்லயா? பக்கத்துல யாரு? ஃபோன் போடுங்க. இப்பவே, என் எதிர்ல போடுங்க. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பச் சொல்லுங்க. நீங்க நேரா அங்க போங்க." அவர் ஃபோன் போட்டார். அந்தக் குரலுக்கு எந்த அப்பனும் போட்டிருப்பான். மகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள் என்று பதில் வந்த பிறகே அவரை வண்டியில் ஏற விட்டாள்.

போகும்போது சுப்பராயன் பக்கச் சந்து வழியாகப் போய், அந்த ஆண் மரத்திலிருந்து நான்கு இலையைப் பறித்துச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டதை நான் மாடியிலிருந்து பார்த்தேன்.

அந்தப் பெண் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, நல்லபடியாக வீடு திரும்பினாள். சுப்பராயன் நன்றி சொல்ல ஃபோன் செய்தார். பஞ்சாட்சரம் எல்லாரும் கேட்கட்டும் என்று ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார்.

"டிரிப்பு போட்டாங்க, ஊசி போட்டாங்க, எல்லாம் பண்ணாங்க சார். ஆனா ஒரு உண்மையச் சொல்லட்டா? நர்ஸுக்குத் தெரியாம ஒரு ஸ்பூன் ஒங்க இலைச் சாறு குடுத்தேன். அதுதான் சார் கேட்டுது!"

பில்கிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். பஞ்சாட்சரம், "அப்படியெல்லாம் இல்லைங்க, அது தப்புங்க" என்று உடனே சொன்னார். உறுதியாகத்தான் சொன்னார். ஆனால் நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் மறுத்துக்கொண்டிருந்தபோது, கன்னத்தில் எங்கோ ஒரு மூலையில், ஃபர்ஸ்ட் குவாலிட்டித் தோலில் மட்டும் வரும் ஒரு மினுமினுப்பு வந்துபோனது.

இப்போது அவர் இலை கொடுப்பதில்லை. சத்தியமாகக் கொடுப்பதில்லை. அதற்குப் பதிலாக, தெருவில் யார் தும்மினாலும் போய், "எத்தனாவது நாளு? ஒண்ணுக்குச் சரியாப் போவுதா? பிளேட்லெட்டு பாத்தியா?" என்று கேட்கிறார். தடுக்கி விழுந்து காலில் சிராய்ப்போடு வந்த ஒருவரை டெங்குப் பரிசோதனைக்கு அனுப்பிவைத்தார். பரிசோதனைக் கூடத்துக்காரர்கள் அவரைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள். இந்த வகைக்கு மருந்து மாறும், நாற்காலி மாறாது.

நீங்கள் இதைப் படித்துவிட்டு, "ஆமாம், எங்கள் தெருவிலும் ஒருத்தர் இருக்கிறார்" என்று நிம்மதியாகச் சொல்லிக்கொள்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் நாளைக்கு உங்கள் ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர் தொண்டையைச் செருமுவார். டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உங்கள் மைத்துனி ஃபோனில் "தலை பாரமா இருக்குது" என்பாள். அந்த நொடியில் உங்கள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "நான் ஒண்ணு சொல்றேன், கேக்குறீங்களா?" என்று தொடங்கும். அப்போது தாமதிக்காதீர்கள். நாக்கை அழுத்திக் கடித்துக்கொள்ளுங்கள்.

அழுத்திக் கடித்ததில் நாக்கு புண்ணாகிவிட்டால் பயப்பட வேண்டாம். மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்து இரண்டு நாள் சாப்பிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒரே நாளில் ஆறிவிட்டது.